புது வேலை, ஐந்தாம் நாள். சேலம்-தருமபுரி சாலையில் தொப்பூர் மலை மேட்டில் லாரி இழுக்கவில்லை. அவசரம்!

புதுஸ்டியரிங் (காலை 5:40)
அண்ணன்மார்களே, வேலைக்குச் சேர்ந்து இன்றோடு ஐந்து நாள். நாமக்கல்லில் லோடு ஏற்றிப் பெங்களூர் போகிறேன். தீவட்டிப்பட்டி வரை ஒன்றும் தெரியவில்லை. மேடு ஆரம்பித்ததும் ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்தாலும் செகண்ட் கியரிலேயே திணறுகிறது. லைட் எரிகிறது. ஓரங்கட்டி நிற்கிறேன். ஓனர் போனை எடுக்கவில்லை. சீக்கிரம் சொல்லுங்கள்.

சங்ககிரியான் (5:46)
என்ன வண்டி, எத்தனை சக்கரம், புகை விதி பிஎஸ் 4 ஆ 6 ஆ? எந்த லைட்? டேஷ்போர்டில் இருபது லைட் இருக்கிறது தம்பி. முதலில் பின்னால் முக்கோணத்தை வை, ஹசார்டைப் போடு.

டீசல்பிரியன் (5:49)
டீசல் ஃபில்டர் அடைப்பு. சந்தேகமே இல்லை. அடியில் இருக்கும் திருகைத் தளர்த்தித் தண்ணீரை வடித்துவிட்டு ஹேண்ட் பம்ப்பை அடியுங்கள். போன மாதம் எனக்கு அச்சு அசலாக இதேதான்.

கிளீனரில்லாதவன் (5:52)
உங்களுக்கு டயர் பஞ்சரானாலும் ஃபில்டர்தான் அண்ணா. தம்பி, மிதிக்கும்போது புஸ்ஸென்று சத்தம் வருகிறதா? கரும்புகை தள்ளுகிறதா? இன்ஜினுக்குக் காற்றைத் தள்ளும் டர்போவின் ஹோஸ் கிளிப் கழன்றிருக்கும்.

பழையபெருசு (5:58)
லைசென்ஸ் கையில் வந்த மறுநாளே வண்டி கேட்கிறார்கள். நாங்கள் நாலு வருஷம் கிளீனராக இருந்து, தார்பாய் கட்டி, டயர் தட்டிப் பார்த்து, அப்புறம்தான் ஸ்டியரிங்கைத் தொட்டோம். வண்டி எடுக்கும் முன்பு சுற்றிப் பார்த்தாயா? ஓனர் சாவி கொடுத்தார், நீ வாங்கிக்கொண்டாய், அவ்வளவுதானே?

புதுஸ்டியரிங் (6:04)
ஆறு சக்கரம், பிஎஸ் 6, 2021 மாடல். முட்டை லோடு. புகை இல்லை, சத்தமும் இல்லை. மஞ்சளில் இன்ஜின் படம், பக்கத்தில் சொட்டு மாதிரி ஒரு படம். நீல மூடி டேங்க் முக்கால் காட்டுகிறது.

சங்ககிரியான் (6:09)
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! சொட்டுப் படம் என்றால் நீல மூடி டேங்கில் ஊற்றும் யூரியாத் திரவத்தின் கணக்கு. டேங்க் காலியாக இருந்தாலும் எரியும், உள்ளே இருப்பது சரியில்லை என்றாலும் எரியும். உனக்கு முக்கால் காட்டுகிறது என்றால் இரண்டாவதுதான். பிஎஸ் 6 வண்டியில் புகையைச் சுத்தம் பண்ணுவது அந்தத் திரவம். அது சரியில்லை என்று சென்சார் சொன்னால் இன்ஜின் தானாகவே இழுவையைக் குறைத்துக்கொள்ளும். ஒரு சொட்டு எடுத்துச் சூடான இரும்பில் விடு. காய்ந்ததும் வெள்ளையாக உப்புப் படிந்தால் யூரியா இருக்கிறது. ஒன்றுமே படியவில்லை என்றால் வெறும் தண்ணீர்.

மூட்டைக்காரன் (6:13)
அப்படியென்றால் உர மூட்டை யூரியாவைக் கரைத்து ஊற்று. கடையில் யூரியாத் திரவ பக்கெட் வாங்கும் காசு மிச்சம்.

பழையபெருசு (6:17)
அடப்பாவி. 2015 முதல் நம் நாட்டில் உர யூரியா ஏறக்குறைய அத்தனைக்கும் வேப்பெண்ணெய் பூச்சு. அதைக் கரைத்து ஊற்றினால் திரவத்தைத் தெளிக்கும் நாசில் அடைத்து, அப்புறம் புகையைச் சுத்தம் பண்ணும் கேட்டலிஸ்டும் போய்ச் சேரும். கடையில் விற்பது 32.5 சதவீத யூரியா, மீதி உப்பு நீக்கிய தண்ணீர். மானிய உரத்தை வண்டிக்கு ஊற்றுவது குற்றமும்கூட. தெரியாதவர்கள் வாயை மூடிக்கொண்டிருப்பது நல்லது.

டீசல்பிரியன் (6:20)
எதற்கும் ஃபில்டரையும் பார்த்துவிடுங்கள்.

மூட்டைக்காரன் (6:24)
சரி பெருசு, கோபப்படாதீர்கள். தம்பி, திரும்பி வரும்போது தொப்பூர் முழுக்க இறக்கம். நியூட்ரலில் விட்டால் டீசல் மிச்சம், மைலேஜுக்கு ஓனர் தனியாகப் படி கொடுப்பார்.

கிளீனரில்லாதவன் (6:27)
இதைப் புதுப் பையனுக்குச் சொல்லாதீர்கள். அந்த இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் எத்தனை வண்டி முன்னால் போன காரில் ஏறியிருக்கிறது. நியூட்ரலில் விட்டால் இன்ஜின் பிடிமானம் போய்விடும், மொத்தச் சுமையும் பிரேக் டிரம்மில் விழும். சூடேறினால் மிதிக்க மிதிக்கப் பிரேக் பிடிக்காது.

மூட்டைக்காரன் (6:31)
பதினெட்டு வருஷமாக அப்படித்தான் இறங்குகிறேன். இதோ உயிரோடு இருக்கிறேன்.

சங்ககிரியான் (6:35)
டீசலும் மிச்சமாகாது. இப்போதைய இன்ஜினில் கியரில் வைத்துக் காலை எடுத்தால் டீசல் பாய்வதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் ஐட்லிங்குக்குக் குடிக்கும். ஏறின கியரிலேயே இறங்கு, புகைவழியை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போடு. இன்ஜினை மட்டும் அணைத்துவிடாதே, பிரேக்குக்கு ஏர் ஏறாது.

மூட்டைக்காரன் (6:38)
பழைய வண்டியில் மிச்சமாகும்.

பழையபெருசு (6:40)
பழைய வண்டியிலும் ஆகாது. அப்போதும் உன்னைப் போல நாலு பேர் இருந்தார்கள், அவ்வளவுதான்.

கிளீனரில்லாதவன் (7:55)
தம்பி எங்கே? வெயில் ஏறுகிறது, முட்டை பத்திரம்.

புதுஸ்டியரிங் (மதியம் 1:20)
உப்பு படியவே இல்லை. எனக்கு முன்பு ஓட்டியவர் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். மெக்கானிக் வந்து டேங்கை வடித்துக் கழுவி இரண்டு பக்கெட் ஊற்றினார். லைட் உடனே போகவில்லை, லேப்டாப்பை மாட்டி அழித்தார். இப்போது கிருஷ்ணகிரி. கியரிலேயே இறங்குவேன். நன்றி அண்ணன்களே.

சங்ககிரியான் (1:26)
நல்லது. மெக்கானிக் கூலி, பக்கெட் காசு எல்லாம் யார் கொடுத்தது? உன் படியில் பிடித்தால் ஒத்துக்கொள்ளாதே, தண்ணீர் ஊற்றியது நீயில்லை. பில்லைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறாயா?

டீசல்பிரியன் (மாலை 4:05)
ஃபில்டரைப் பார்த்தாரா மெக்கானிக்?

சங்ககிரியான் (மறுநாள் காலை 9:10)
தம்பி? பில் என்ன ஆச்சு?