மறு: நெகடிவ் ஸ்பேஸ் – ‘வெற்றிடம்’ போதுமா?

> ‘வெற்றிடம்’ என்றே வைத்துக்கொள்ளலாம். எளிமை, மாணவருக்கும் சட்டெனப் புரியும்.

நெகடிவ் ஸ்பேஸுக்கு, அதாவது படத்தில் உருவைச் சூழ்ந்திருக்கும் இடத்துக்கு, ‘வெற்றிடம்’ எளிமைதான் ஐயா. ஆனால் வரைகலைப் பாடத்தில் ரஷ்ய நாட்டார் அலங்காரம் வந்ததும் இச்சொல் காலை வாரிவிடுகிறது.

கோக்லோமா மரக் கிண்ணங்களைப் பாருங்கள். நிஷ்னி நோவ்கொரோத் வட்டாரக் கைவேலை; செம்யோனோவ் நகரம் அதற்குப் பெயர்போனது. கடைந்த மரத்தில் களிமண் பூச்சு, அதன்மேல் ஆளிவிதை எண்ணெய், அது முழுக்கக் காயுமுன் உலோகத் தூள். முன்பு வெள்ளீயம், இப்போது அலுமினியம். குண்டுமணித் தங்கம்கூடக் கிடையாது! தீட்டும்போது கிண்ணம் வெள்ளியாகத்தான் இருக்கும். வார்னிஷ் பூசிச் சூளையில் வைத்த பிறகே அது பழுத்துப் பொன்னாக மின்னும்.

தீட்டுவதில் இரு வழி. ‘திராவ்கா’ (புல் என்று பொருள்) முறையில் கறுப்பிலும் சிவப்பிலும் இலையும் தண்டுமாகத் தூரிகையை இழுப்பார்கள். சுற்றிலும் பொன் மிஞ்சும். ‘போத் ஃபோன்’ முறை நேர்மாறு. பூவுக்கு விளிம்பு கட்டி, பூவை அப்படியே விட்டு, பின்னணியைக் கறுப்பாலோ சிவப்பாலோ நிரப்புவார்கள். பிறகு பூவுக்குள் நரம்புகளை மெலிதாகத் தொடுவதோடு சரி. பூசாத இடமே இங்கே பூ. இதை வெற்றிடம் என்று எந்த வாயால் சொல்வது? நெகடிவ் ஸ்பேஸ் அந்தக் கறுப்பல்லவா?

பூச்சுப் படாதது ஒன்று, உருவைச் சூழ்ந்திருப்பது வேறொன்று. முன்னதற்கு ‘விடுபகுதி’, பின்னதற்கு ‘சூழ்வெளி’ என்பது என் பரிந்துரை. திராவ்காவில் இரண்டும் ஒரே இடம். போத் ஃபோனில் விடுபகுதி பூ, சூழ்வெளி கறுப்பு. (‘எதிர்மறை வெளி’ வேண்டவே வேண்டாம், மதிப்பெண் குறைப்பதுபோல் ஒலிக்கிறது.)

கணினியிலும் இது உதவும். இந்த வடிவை வெக்டராக்கி (கோடுகளால் ஆன கணினி வரைபடமாக்கி)ப் பொன்னிற ஃபாயில் அட்டைப் பெட்டிக்குக் கொண்டுபோனால், அச்சாவது கறுப்பும் சிவப்பும்தான். கோப்பில் பூ ஒரு துளை. அதற்குள் மஞ்சளை ஊற்றுகிற மாணவருக்கு விடுபகுதி இன்னும் பிடிபடவில்லை.

> சூழ்வெளி, சுற்றுச்சூழலோடு குழம்பாதா?

குழம்பாது என்றே நினைக்கிறேன், ‘வெளி’ காப்பாற்றும். என்னை உறுத்துவது வேறு. ‘ம’ எழுத்தின் கட்டத்துக்குள் அகப்பட்ட இடம் எதையும் சூழவில்லை, அதுதான் சூழப்பட்டிருக்கிறது. அதற்குத் தனியே ‘உள்வெளி’ வைக்கலாமா? எழுத்துரு செய்கிறவர்கள் சொல்லட்டும்.