செம்பு மைக்ரோ பில்லர் கம்ப்ரஷன்: கர்வ் படிக்கட்டு மாதிரி வருகிறது, மெஷின் கோளாறா?

சோமனூர்_ஆய்வாளர்:
வணக்கமுங்க. செம்புத் துண்டில் ஒரே கிரெய்னுக்குள் (அணு வரிசை ஒரே திசையில் இருக்கும் ஒற்றைப் படிகத் துணுக்கு) காலியம் அயான் பீம் வைத்துச் செதுக்கிய தூண்களை நானோ இண்டென்டரில் (மிகச் சிறிய விசையில் அழுத்தி அளக்கும் கருவி) தட்டை வைர பஞ்ச் போட்டு அழுத்துகிறேன். விட்டம் 2 மைக்ரான், உயரம் 5 மைக்ரான், லோடு கன்ட்ரோல், அதாவது மெஷின் கட்டுப்படுத்துவது விசையை.

மூன்று சந்தேகம். ஸ்ட்ரெஸ்-ஸ்ட்ரெயின் கர்வ் (எவ்வளவு அழுத்தத்துக்கு எவ்வளவு சுருங்குகிறது என்ற கோடு) வழுவழுப்பாக ஏறாமல் திடீர் திடீரென்று பக்கவாட்டில் தாவுகிறது. ஆரம்பச் சரிவு, அதாவது விறைப்பு, புத்தகத்து 120 ஜிகாபாஸ்கலுக்குப் பாதிகூட இல்லை. ஸ்ட்ரெஸ்ஸோ நூறு மெகாபாஸ்கலைத் தாண்டிப் போகிறது. மெத்தென்ற செம்புக்கு இது எப்படி?

லேபுக்குப் பின்னாலேயே விசைத்தறி குடோன். அதிர்வுதான் காரணம், டேட்டாவை ஸ்மூத் பண்ணிவிடு என்கிறார் கைடு.

குறிச்சி_வார்ப்படம்:
எங்க ஃபவுண்டரியில் யுடிஎம்மில் (பெரிய பீஸ்களை இழுத்தும் அழுத்தியும் பார்க்கும் டெஸ்டிங் மெஷின்) எத்தனையோ பீஸ் அழுத்தியிருக்கிறோம், படிக்கட்டு எல்லாம் பார்த்ததே இல்லை. விசையை அளக்கும் லோடு செல்லை ஒருதரம் பாருங்க தம்பி.

பல்லடம்_மெட்டலர்ஜி:
அண்ணா, யுடிஎம்மில் தெரியாதுங்க. உங்கள் பீஸில் எண்ண முடியாத அளவு கிரெய்ன். கோனியம்மன் தேர்க் கூட்டத்தைத் தூரத்தில் இருந்து பார்த்தால் சீராக நகர்கிற மாதிரி இருக்கும், உள்ளே ஒவ்வொருவரும் நின்று நின்றுதான் நடப்பார்கள். தம்பி பார்ப்பது அந்த ஒற்றை ஆளின் நடையை.

தம்பி, தயவுசெய்து ஸ்மூத் பண்ணாதீங்க. 2 மைக்ரான் தூணுக்குள் டிஸ்லொகேஷன் (படிக அடுக்கில் உள்ள கோட்டுக் குறை, அது நகர்ந்துதான் உலோகம் சறுக்கும்) கிளப்பும் மூலங்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். ஒன்று கிளம்பினால் சறுக்கல் ஒரே பாய்ச்சலாகப் பக்கச் சுவர் வரை ஓடிவிடும். லோடு கன்ட்ரோலில் மெஷின் விசையைக் குறைக்காது, அதனால் பஞ்ச் கீழே பாயும், கர்வில் கிடைமட்டமாக ஒரு படி விழும். பஞ்ச் நகரும் தூரத்தைக் கட்டுப்படுத்தும் டிஸ்பிளேஸ்மென்ட் கன்ட்ரோலில் இதே சம்பவம் லோடு திடீரென்று விழுவதாகத் தெரியும். நிக்கல் தூண்களில் இந்தப் பாய்ச்சல்களின் அளவு பவர் லா போக்கில் (சின்னவை ஏராளம், பெரியவை அரிது) பரவுவதை டிமிடுக் என்ற ஆய்வாளரின் குழுவினர் 2006-இல் காட்டினார்கள்.

நூறு மெகாபாஸ்கலும் சரியே. எளிதில் கிளம்பும் நீளமான மூலத்துக்குச் சின்னத் தூணில் இடம் கிடையாது. மிஞ்சுவது குட்டையானவை, அவற்றைக் கிளப்பக் கூடுதல் ஸ்ட்ரெஸ் வேண்டும். 2004-இல் உசிக், டிமிடுக், ஃபுளோராண்டோ, நிக்ஸ் நால்வரும் நிக்கலில் இதே முறையில் அழுத்தி, விட்டம் குறையக் குறைய வலிமை கூடுவதைக் காட்டினார்கள். தூணுக்குத் தூண் எண் மாறினாலும் பயப்படாதீங்க, எந்த மூலம் உள்ளே மாட்டியது என்பது ஒவ்வொன்றிலும் வேறு.

அதிர்வா இல்லையா என்று அடித்துச் சொல்ல, மெஷினைச் சரிபார்க்க வைத்திருக்கும் காலிப்ரேஷன் குவார்ட்ஸில் அதே பஞ்ச், அதே லோடு வைத்து ஓட்டிப் பாருங்க. தறி ஓடும்போது ஒன்று, ஞாயிற்றுக்கிழமை ஒன்று. அங்கே படி இல்லாவிட்டால் தறியைத் திட்ட வேண்டாம்.

சென்னிமலை_இண்டென்டர்:
சரிவு விஷயம் மட்டும் சொல்கிறேன். 120 என்பது பல கிரெய்ன்களின் சராசரி. ஒற்றைப் படிகத்தில் செம்பு 100 திசையில் (படிகக் கனசதுரத்தின் விளிம்பு வாக்கில்) சுமார் 67 ஜிகாபாஸ்கல், 111 திசையில் (மூலைக்கு மூலை வாக்கில்) சுமார் 190. உங்கள் கிரெய்ன் எந்தத் திசை?

பஞ்சும் தூண் தலையும் துளி சாய்ந்திருந்தாலும் முதலில் ஒரு ஓரம்தான் தொடும், சரிவு குறையும். தூணின் அடியும் கீழ்ச் செம்புக்குள் கொஞ்சம் அமுங்கும், அந்த அமுங்கலைக் கழிக்க ஸ்னெட்டன் திருத்தம் என்ற கணக்கைப் போடணும். ஏறும் கோட்டை விட்டுவிட்டு நடுவில் ஒருமுறை லோடை இறக்கி, இறங்கும் கோட்டின் சரிவை எடுங்க. தூண் கூம்பாக இருந்தால் ஸ்ட்ரெஸ் கணக்குக்கு எந்த விட்டம் எடுத்தீர்கள் என்பதையும் எழுதிவையுங்க. மேல் விட்டத்துக்கும் நடு விட்டத்துக்கும் பதில் வேறு.

சோமனூர்_ஆய்வாளர்:
குவார்ட்ஸ் கோடு இரண்டு நாளும் வழுவழுப்பு. கிரெய்ன் 100-க்குப் பக்கத்தில். இறங்கும் சரிவுக்குத் திருத்தம் போட்டால் 60-ஐ ஒட்டி வருகிறது. எஸ்இஎம்மில் (எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்) தூணின் மேல் பாதியில் சாய்வான சறுக்கல் படிகள், விளிம்பு கூராக நிற்கிறது. தலையில் ஒரு ஓரம் மட்டும் நசுங்கிப் பளபளக்கிறது.

சென்னிமலை_இண்டென்டர்:
அந்த ஓரம்தான் உங்கள் சாய்வு. ஸ்டேஜ் சாய்வைச் சரிசெய்துவிட்டு அடுத்த செட்டை ஓட்டுங்க. 100 திசையில் எட்டு ஸ்லிப் சிஸ்டம் (சறுக்கும் தளமும் திசையும் சேர்ந்த ஜோடி) ஒரே சமயம் போட்டி போடும், படிகளைப் பிரித்துப் படிக்கச் சிரமம். ஒன்று மட்டும் முந்துகிற திசையில் வேறு கிரெய்ன் கிடைத்தால் அதில் செதுக்குங்க.

குறிச்சி_வார்ப்படம்:
அந்த எஸ்இஎம் படத்தை இங்கே போடுங்க தம்பி, எங்க பசங்களுக்குக் காட்டணும்.