சம்ப்ல பிளீச்சிங் போட்டதும் டெட்டால் நாத்தம், அவசரம்

எர்ணாவூர்க்காரன்: நேத்து நைட்டு சம்ப்ல பிளீச்சிங் பவுடர் போட்டேன். காலைல ஆஸ்பத்திரி வார்டு மாதிரி நாத்தம். சோத்துலயும் அடிக்குது. சீக்கிரம் சொல்லுங்க, வீட்ல கைக்கொழந்த இருக்கு.

காலடிப்பேட்டையான்: எவ்ளோ போட்டீங்க? போரா, மெட்ரோ வாட்டரா?

பிளம்பர் தம்பி: பவுடர் பழசுண்ணா. அதான்.

தண்டையார்பேட்டை அக்கா: பல்லி எதுனா செத்துக் கெடக்கும், மூடியத் தொறந்து பாருங்க.

கெமிஸ்ட்ரி வாத்தியார்: ஸ்கூல்ல ஒழுங்கா படிச்சிருந்தா இந்தக் கேள்வியே வராது. பழைய பவுடர்னா குளோரின் பறந்திருக்கும், டெட்டால் வாடை எங்கேர்ந்து வரும்? தண்ணில ஃபீனால்ங்கிற கெமிக்கல் இருந்து, அதுமேல குளோரின் பட்டா குளோரோஃபீனால் ஆகும், அதான் இந்த வாடை. டெட்டால்ல இருக்குற குளோரோசைலினாலும் அதே ஜாதிதான். முன்னாடி தண்ணி எப்படி இருந்தது?

எர்ணாவூர்க்காரன்: போர் தண்ணி சார். வெள்ளத்துக்கப்புறம் லேசா டீசல் வாடை. அது போகத்தான் பிளீச்சிங்கே போட்டேன்.

கெமிஸ்ட்ரி வாத்தியார்: இதை மொத வரியிலயே சொல்ல வேணாமா! அந்த எண்ணெய்லேர்ந்துதான் ஃபீனால் வந்திருக்கும்.

பிளம்பர் தம்பி: இன்னும் ரெண்டு கை போட்டா போயிடும்ணா.

கெமிஸ்ட்ரி வாத்தியார்: போடாதே. குளோரின் ஏற ஏற டிரைகுளோரோஃபீனால் வரை போகும். வாடை கம்மியாகலாம். ஆனா 2,4,6-டிரைகுளோரோஃபீனால் புற்றுநோய் சந்தேகப் பட்டியல்ல இருக்கு. அங்க போர்ல கடல் உப்பு ஏறியிருந்தா, அதுல இருக்குற புரோமைடு குளோரினோட சேந்து புரோமோஃபார்ம்ங்கிற வேண்டாத கெமிக்கல் வேற வரும்.

தண்டையார்பேட்டை அக்கா: மெட்ரோ தண்ணிலயும்தான் குளோரின் போடுறாங்க. அதுவும் விஷமா?

கெமிஸ்ட்ரி வாத்தியார்: ஏரித் தண்ணில மக்குன எலை தழை இருக்கும்ல, அது குளோரினோட சேர்ந்தா குளோரோஃபார்ம். 1974லயே நெதர்லாந்துல ரூக்னு ஒரு கெமிஸ்ட் எழுதிட்டாரு. நம்ம குடிநீர்த் தரத்துல குளோரோஃபார்மை லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் வரை விடுறாங்க.

தண்டையார்பேட்டை அக்கா: அதுக்காக காலராவை வாங்கிக்கிறதா? எங்க தெருவுல வாந்திபேதி வந்தப்ப நீங்க வந்து டிரிப்ஸ் ஏத்துனீங்களா?

கெமிஸ்ட்ரி வாத்தியார்: குளோரினை நிறுத்தச் சொன்னேனா? எண்ணெய் கலந்த தண்ணில கொட்டாதேன்னேன்.

காலடிப்பேட்டையான்: கொதிக்க வெச்சா போகுமா, அத யாராச்சும் சொல்லுங்கப்பா.

லேப் பொண்ணு: குளோரோஃபார்ம் ஆவியாப் போகும். குளோரோஃபீனாலுக்கு அதை நம்பாதீங்க. குடிக்க, சமைக்க, கொழந்தையக் குளிப்பாட்ட எதுக்கும் வேணாம். போரை நிறுத்திட்டு சம்ப்ப காலி பண்ணுங்க. போர் தண்ணிய கண்ணாடி பாட்டில்ல புடிச்சு, ‘ஃபீனாலிக் காம்பவுண்ட்ஸ்’னு கேட்டு டெஸ்டுக்குக் குடுங்க. சாதா டெஸ்ட்ல டிடிஎஸ் (தண்ணில கரைஞ்சிருக்குற உப்பு அளவு), கடினத்தன்மை மாதிரிதான் பாப்பாங்க. ஃபீனாலுக்கு வரம்பு லிட்டருக்கு 0.001 மில்லிகிராம்.

எர்ணாவூர்க்காரன்: சம்ப் எறச்சாச்சு. லாரி சொல்லிருக்கு. தேங்க்ஸ்.

காலடிப்பேட்டையான்: எவ்ளோ போட்டீங்கன்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்லியே?