நலங்குக்கு எந்த மஞ்சள்? எங்கள் குடும்பக் குழுவில் ஓடிய பேச்சு

*திவ்யா:* எல்லாருக்கும் வணக்கம். ரம்யா அக்கா நலங்குக்கு எல்லாரும் மஞ்சளில் வரலாம் என்று பேசினோமே, கடையில் இருக்கிற துப்பட்டா எல்லாம் கண்ணைக் குத்துகிற மஞ்சள். வெள்ளைக் காட்டன் எடுத்து வீட்டிலேயே மஞ்சள் தூளில் முக்கிவிடலாமா? பெரியம்மா வீட்டில்தான் பெரிய அண்டா இருக்கிறதே.

*பெரியம்மா:* அண்டா கல்யாணச் சமையலுக்கு. சாயத்துக்குத் தர மாட்டேன்.

*கார்த்திக்:* முதல் பந்திலேயே அவுட்

*சாந்தி சித்தி:* மஞ்சள் தூள் வேண்டாம் திவ்யா. முக்கி எடுத்ததும் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஆரத்தி எப்படிச் சிவப்பாகிறது என்று யோசி, மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு கொஞ்சம் கரைக்கிறோம், உடனே மாறுகிறது இல்லையா, துணியிலும் அதேதான் நடக்கும். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவின விரல் பட்ட இடம் சிவப்பு, சலவை சோப்பு பட்ட இடம் சிவப்பு. எலுமிச்சை பிழிந்தால் மறுபடி மஞ்சளாகிவிடும், அதற்காக நலங்கு நடுவில் எலுமிச்சம்பழமும் கையுமாகவா நிற்கப் போகிறாய்? வெயிலும் தாங்காது. மொட்டை மாடியில் நாலு தடவை காய்ந்தால் வெளுத்துப் போகும்.

*திவ்யா:* அய்யோ. அப்போ வேறு எதில்?

*சாந்தி சித்தி:* மாதுளைத் தோல். ஜூஸ் கடையில் சொல்லி வைத்தால் சும்மாவே தருவார்கள், காய வைத்துக்கொள். செண்டுமல்லியிலும் நல்ல மஞ்சள் வரும், கல்யாண வீட்டில் பூவுக்கா பஞ்சம். ஆனால் பருத்தியில் மாதுளைதான் கூடுதலாக நிற்கும், தோலிலேயே துவர்ப்பு இருக்கிறது, அந்தத் துவர்ப்பைப் பருத்தி பிடித்துக்கொள்ளும்.

*பெரியப்பா:* சாந்தி, திருப்பூரில் சாயப்பட்டறையில் மாஸ்டராக இருந்தவன் வீட்டுக் கல்யாணத்துக்கு மாதுளைத் தோலா? கோல்டு (cold) பிராண்ட் ரியாக்டிவ் சாயம் வாங்கி வா, சூடு பண்ணாத தண்ணீரிலேயே ஏறும், அடுப்பே வேண்டாம். ஒரு பிளாஸ்டிக் பக்கெட் போதும். ஒரே ஷேடில் இருபது துப்பட்டா எடுத்துத் தருகிறேன்.

*சாந்தி சித்தி:* அத்தான், ஒரே ஷேடில் இருபது துப்பட்டா வேண்டும் என்றால் கடையிலேயே வாங்கிவிடலாமே.

*கார்த்திக்:* அம்மா 1, பெரியப்பா 0

*பெரியப்பா:* சிரிக்காதே. நீ இன்ஜினியரிங் படிக்கிறாயே, பருத்தியில் சாயம் எப்படி ஒட்டுகிறது, சொல்.

*கார்த்திக்:* வினிகர் ஊற்றினால்?

*பெரியப்பா:* அங்கேதான் தப்பு. வீடியோவில் ஒருத்தர் விடாமல் வினிகர் ஊற்றுகிறார்கள். அது கம்பளிக்கும் பட்டுக்கும் போடுகிற ஆசிட் சாயத்துக்கு. பருத்திக்கு வினிகரால் ஒரு பிரயோஜனமும் இல்லை, இதற்குக் காரம் வேண்டும். முதலில் உப்பு, லிட்டருக்கு 50 கிராம் அளவு, அது தண்ணீரில் இருக்கிற சாயத்தைத் துணிப்பக்கம் தள்ளும். அரை மணி நேரம் கழித்துச் சோடா ஆஷ், அது போட்ட பிறகுதான் சாயம் நூலோடு நிரந்தரமாகச் சேரும். ஆப்ப சோடா இல்லை, சலவை சோடா. இன்னொன்று, சோடா போட்ட சாயத் தண்ணீரை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், அது தண்ணீரோடேயே சேர்ந்து செத்துப்போகும். பார்க்க நிறமாக இருக்கும், துணியில் ஏறாது. ஏறாமல் நின்றுபோன சாயம் முழுவதும் போக வெந்நீரில் சோப்புப் போட்டு அலச வேண்டும், இல்லையென்றால் முதல் துவைப்பில் பக்கத்துத் துணியெல்லாம் மஞ்சள்.

*பெரியப்பா:* பொடியைக் கலக்கும்போது முகக்கவசம் கட்டாயம். மூச்சில் போனால் சிலருக்கு ஆஸ்துமாவே வந்துவிடும், பட்டறையில் பார்த்திருக்கிறேன். சாயம் கலக்கின பாத்திரத்தில் அப்புறம் சமைக்கவும் கூடாது. உன் பெரியம்மா அண்டா விஷயத்தில் சொன்னது சரி.

*பெரியம்மா:* இந்தச் செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்கிறேன்.

*திவ்யா:* பெரியப்பா, அந்த உப்புச் சாயத் தண்ணீரை எங்கே கொட்டுவது? தோட்டத்தில் ஊற்றலாமா?

*பெரியப்பா:* செடி பட்டுப்போகும். நல்ல கேள்வி கேட்டாய். நொய்யலில் என்ன ஆயிற்று என்று உனக்குத் தெரிந்திருக்காது, நீ சின்னப் பிள்ளை. ஊரிலிருந்த பட்டறைத் தண்ணீர் எல்லாம் ஆற்றில் போய், ஒரத்துப்பாளையம் அணையில் சாயத் தண்ணீர் தேங்கி, கீழே இருந்த விவசாயிகள் கேஸ் போட்டு, 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. நாங்களும் வீட்டில் உட்கார்ந்தோம். விவசாயி கேட்டதில் தப்பு இல்லை. உப்புதான் பெரிய தொல்லை, நிறத்தை எடுத்துவிடலாம், உப்பை எடுக்கத்தான் செலவு.

*சாந்தி சித்தி:* இதைத்தான் அத்தான் நானும் சொல்ல வந்தேன்.

*பெரியப்பா:* இரு இரு, இயற்கைச் சாயம் என்றால் எல்லாம் சுத்தம் என்று முடிக்காதே. நீயும் படிகாரம் போடுகிறாய்.

*சாந்தி சித்தி:* போடுகிறேன், ஒளிக்கவில்லை. ஆனால் படிகாரத் தண்ணீரைக் கீழே கொட்டாமல் அடுத்த துணிக்கும் அதையே வைத்துக்கொள்கிறேன், கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் போதும். திவ்யா, முறையைக் கேட்டுக்கொள். புதுத் துணியில் கஞ்சி இருக்கும், முதலில் சலவை சோடா போட்டுக் கொதிக்க வை, தண்ணீர் டீ நிறத்தில் வரும். அப்புறம் கடுக்காய். கொட்டையை நீக்கி இடித்த பொடி நாட்டு மருந்துக் கடையிலேயே கிடைக்கும், வெந்நீரில் ராத்திரி ஊற வைத்து வடிகட்டி அதில் துணியைப் போடு. எடுத்து அலசாமல் காய வை. பிஸ்கட் நிறமாக ஆகியிருக்கும், பயப்படாதே. அதற்கு மேல் படிகாரத் தண்ணீரில் முக்கி மறுபடி காய வை. இவ்வளவும் முடித்த பிறகுதான் மாதுளைத் தோல் வேக வைத்த தண்ணீர். சாயத்தில் துணி முழுவதும் மூழ்கித் தாராளமாகப் புரள வேண்டும், திணித்தால் திட்டுத் திட்டாகப் பிடிக்கும்.

கடுக்காய்த் துணியைத் துருப்பிடித்த கொடிக்கம்பியில் மட்டும் போட்டுவிடாதே. துரு பட்ட இடம் கறுப்பாகிவிடும், லேசில் போகாது. கலம்காரிக்காரர்கள் கறுப்பு எடுப்பதே இப்படித்தான், பழைய இரும்பையும் வெல்லத்தையும் வாரக்கணக்கில் ஊறப்போட்டு அந்தத் தண்ணீரால் கடுக்காய்த் துணியில் வரைவார்கள்.

*பெரியப்பா:* போர் தண்ணீரில் இரும்பு இருந்தாலும் மஞ்சள் மங்கும். நல்ல தண்ணீர் பிடித்துக்கொள்ளுங்கள்.

*திவ்யா:* என்னிடம் ஏற்கனவே ஒரு வெள்ளை குர்தி இருக்கிறது, அதையும் போட்டுவிடவா?

*சாந்தி சித்தி:* உள்மடிப்பிலிருந்து ஒரு நூல் எடுத்துக் கொளுத்திப் பார். காகிதம் எரிகிற வாசனையும் சாம்பலும் வந்தால் பருத்தி. உருகி உருண்டையாக நின்றால் பாலியெஸ்டர், அத்தான் சாயமும் ஏறாது, என் சாயமும் ஏறாது. துணி பருத்தியாக இருந்தாலும் தையல் நூல் பெரும்பாலும் பாலியெஸ்டர்தான், துணி மஞ்சளாகித் தையல் மட்டும் வெள்ளையாகத் தெரியும்.

*கார்த்திக்:* அதை டிசைன் என்று சொல்லிவிடலாம்

*பெரியம்மா:* ரம்யாவுக்கு மட்டும் ஏதாவது தனியாகத் தெரிய வேண்டாமா? கல்யாணப் பெண்ணும் கூட்டத்தில் ஒருத்தியாக நிற்பதா?

*சாந்தி சித்தி:* அவளுக்குச் சுங்குடி முடிச்சுப் போடுகிறேன் அக்கா. எதிர் வீட்டு சௌராஷ்டிரப் பாட்டியிடம் கற்றுக்கொண்டது. துணியை நகத்தால் கிள்ளித் தூக்கி, நூலை நாலைந்து சுற்று இறுக்கி, நூலை அறுக்காமலே அடுத்த புள்ளிக்குப் போக வேண்டும். கோலத்துக்குப் புள்ளி வைக்கிற கணக்குதான், முதலில் துணியில் புள்ளி வைத்துக்கொண்டால் வரிசை தப்பாது. சாயம் போட்டு நன்றாகக் காய்ந்த பிறகு இரண்டு பக்கமும் பிடித்து ஒரு இழுப்பு, முடிச்செல்லாம் பட படவென்று தெறிக்கும், உள்ளே வட்ட வட்டமாக வெள்ளை, நடுவில் சாயப் பொட்டு. ஈரத்தோடு அவிழ்த்தால் வட்டம் கலங்கிவிடும். 2005-லேயே புவிசார் குறியீடு வாங்கின மதுரைச் சரக்கு, இப்போது சுங்குடி என்று விற்பதில் பாதிக்கு மேல் அச்சுதான். துணியைத் தடவிப் பார்த்தால் தெரியும், முடிச்சுப் போட்டது சின்னச் சின்னதாகப் புடைத்திருக்கும்.

*பெரியம்மா:* அவளுடைய பட்டு தாவணியில் போடேன்.

*சாந்தி சித்தி:* பட்டு வேண்டாம் அக்கா, சோடாவில் கொதிக்க வைத்தால் நைந்துவிடும், அதற்குப் பக்குவமே வேறு. மெல்லிய பருத்தி, மல் துணி வாங்குங்கள்.

*பெரியப்பா:* சரி. துப்பட்டா எல்லாம் சாந்தி பொறுப்பு. ஆம்பிளைகள் துண்டு மட்டும் என்னிடம் விடுங்கள். தண்ணீர் அளந்து குறைவாகவே வைப்பேன்.

*சாந்தி சித்தி:* சரி அத்தான். திவ்யா, காய்ந்த துணியை எடை போட்டுச் சொல். கணக்கு எல்லாம் துணி எடைக்குத்தான்.

*திவ்யா:* துப்பட்டாக்கள் மொத்தம் 2 கிலோ 300.

*சாந்தி சித்தி:* கடுக்காய்ப் பொடி 450 கிராம், படிகாரம் 350, காய்ந்த மாதுளைத் தோல் ஒன்றேகால் கிலோவாவது வேண்டும். கார்த்திக், இன்றே ஜூஸ் கடைக்குப் போய்ச் சொல்லிவிட்டு வா.

*பெரியம்மா:* பழைய வெந்நீர்த் தவலை மாடிப்படிக்குக் கீழே கிடக்கிறது, எவர்சில்வர். வந்து எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பித் தர வேண்டாம்.