ஈறுத் திசுவில் வைட்டமின் சி அளப்பது: வீங்கிய ஈறில் ஏன் தாறுமாறாக வருகிறது?

கேள்வி:
ஆரோக்கியமான ஈறு, வீங்கி ரத்தம் கசியும் ஈறு இரண்டிலிருந்தும் துணுக்கு எடுத்து வைட்டமின் சி அளந்து பார்க்கிறேன். வீங்கியதில் குறைவாக இருக்கும் என்று நினைத்தேன், ஆனால் சில துணுக்குகளில் அதிகமாகவே வருகிறது, சிலவற்றில் சுத்தமாக இல்லை. எங்கே சொதப்புகிறேன்?

பதில் 1:
துணுக்கை வெட்டியதும் என்ன செய்தீர்கள்? மேசையில் கிடந்தால் போச்சு, வைட்டமின் சி காற்றிலேயே ஆக்சிஜனேற்றம் ஆகிவிடும். உடனே திரவ நைட்ரஜனில் உறைய வைத்து, மைனஸ் 80 டிகிரியில் வைத்திருந்து, அரைக்கும்போது வைட்டமின் சி சிதையாமல் காக்கும் மெட்டாபாஸ்பாரிக் அமிலம் சேருங்கள்.

பதில் 2:
அதிகமாக வருவதற்கு வேறு காரணம் இருக்கிறது. அழற்சி உள்ள இடத்தில் நியூட்ரோஃபில் என்ற ரத்த வெள்ளையணுக்கள் வந்து குவியும், அவை ரத்த பிளாஸ்மாவில் இருப்பதைவிடப் பல மடங்கு வைட்டமின் சி-யைத் தங்களுக்குள் சேர்த்து வைப்பவை, அதனால் நீங்கள் அளப்பது ஈறின் அளவா வந்தேறிய செல்களின் அளவா என்று பிரிக்கவே முடியாது. அந்தச் செல்கள் எவ்வளவு வந்திருக்கின்றன என்று திசுவில் ஒரு பகுதியை வெட்டி நுண்ணோக்கியில் பாருங்கள்.

கேட்டவர்:
ஐயோ, அரை மணி நேரம் சாதாரண ஐஸில்தான் வைத்திருந்தேன்! சரி, ஈரமான எடைக்குத்தான் கணக்குப் போடுகிறேன், அது பரவாயில்லையா?

பதில் 2:
கூடாது. வீங்கிய ஈறில் நீர் கோத்திருக்கும், எடை கூடி அளவு குறைந்தது போலத் தெரியும். புரதத்தின் மில்லிகிராமுக்கு இவ்வளவு என்று போடுங்கள், ஒட்டியிருக்கும் ரத்தத்தைக் குளிர்ந்த உப்புக்கரைசலில் சட்டென்று அலசிவிட்டு.

பதில் 3:
புகைப்பவர்களைத் தனியாகப் பிரித்தீர்களா? அவர்களுக்கு ரத்தத்திலேயே குறைவாகத்தான் இருக்கும்.