சுவரில் ஏறியது கட்டுவிரியன் இல்லை (உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள்)

போன ஐப்பசி மழையில் நடந்தது. எங்கள் ஊர் மன்னார்குடிப் பக்கம். ராத்திரி ஒன்பது மணி இருக்கும், கொல்லைப்புறக் குளியலறைச் சுவரில் பல்லியைத் துரத்திக்கொண்டு ஒரு பாம்பு ஏறிக்கொண்டிருந்தது. பழுப்பு உடம்பு, குறுக்கே வெளிர்மஞ்சள் பட்டைகள். பக்கத்து வீட்டுச் சித்தப்பா "கட்டுவிரியன்டா, தள்ளு" என்று தடியோடு வந்துவிட்டார். நான் தள்ளி நின்றே டார்ச்சைக் கழுத்துப் பக்கம் அடித்தேன். தலையை ஒட்டியே பட்டை அகலமாக ஆரம்பித்து, வால் பக்கம் போகப் போக மங்கி மறைந்திருந்தது. சரி, இது வெள்ளிக்கோல் வரையன், விஷமில்லாதது.

கட்டுவிரியன் என்றால் தலைக்குப் பின்னால் கொஞ்ச தூரம் வெறும் கறுப்புதான், அப்புறம்தான் மெல்லிய வெள்ளைக் கோடுகள் ஆரம்பிக்கும், அதுவும் பெரும்பாலும் இரண்டிரண்டாக, வால்வரை பளிச்சென்று. முதுகு நெடுக அறுகோணச் செதில்கள் பெரிதாக இருக்கும் என்பார்கள், உண்மைதான், ஆனால் செதிலின் மூலையை எண்ணுகிற தூரத்தில் நீங்கள் நின்றால் உங்களை என்ன சொல்வது! சித்தப்பாவைச் சமாதானம் செய்து விளக்கை அணைத்துக் கதவைச் சாத்தினோம். காலையில் பாம்பு இல்லை.

*

அண்ணா, அடையாளம் சரிதான், பாம்பு கண்ணில் பட்டால். எங்கள் மாமனாரைக் கடித்ததை யாருமே பார்க்கவில்லை. திண்ணையில் பாய் போட்டுப் படுத்திருந்தவர் விடியற்காலை நாலு மணிக்கு வயிற்றுவலி என்று எழுந்தார். வீக்கம் இல்லை, பல் தடம் இல்லை. முந்தின நாள் கறிக்குழம்பின் மேல் பழியைப் போட்டு ஓமத் தண்ணீர் கொடுத்தோம். வழியில் ஒரு கிளினிக்கில் வாயு என்று ஊசிகூடப் போட்டார்கள். ஆறு மணிக்கு இரண்டு இமையும் தொங்கிவிட்டது, "மாமா, கண்ணைத் திறங்க" என்றால் நெற்றியைத்தான் சுருக்குகிறார், இமை மேலே வரவே இல்லை. பேச்சும் குழறியது. அதைப் பார்த்த பிறகுதான் வீட்டுக்காரர் 108க்குப் போன் போட்டார், வண்டி வரும்வரை எச்சில் தொண்டைக்குள் இறங்காமல் ஒருக்களித்துப் படுக்கவைத்திருந்தோம். இங்கே வீட்டில் பாயை உதறின கொழுந்தன் அடியில் கிடந்த கட்டுவிரியனைப் பார்த்துப் போனில் அலறினான். அரசு மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து ஏற்றி, மூன்று நாள் வென்டிலேட்டரில் வைத்துக் காப்பாற்றினார்கள்.

*

எனக்குத் தண்ணீர்ப் பாம்பு. சம்பா நாற்றுப் பறிக்கும்போது புறங்கையில் கவ்வியது, கழுத்தைத் தட்டையாக்கித் தலையைத் தூக்கினதால் கூட இருந்தவர்கள் நல்ல பாம்பு என்றே முடிவு கட்டிவிட்டார்கள். ஒருவர் துண்டால் முழங்கைக்கு மேல் இறுக்கிக் கட்டினார், இன்னொருவர் பிளேடு தேடினார். நல்லவேளை, வயலில் பிளேடு இல்லை. செய்ததில் ஒன்றே ஒன்று சரி, வீங்குவதற்கு முன் மோதிரத்தைக் கழற்றினேன். கையை ஒரு குச்சியோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டி, ஆட்டாமல் வைத்திருந்தாலே போதுமாம், அதைப் பிறகு டாக்டர் சொன்னார். இறுக்கின துண்டையும் நீங்களாகச் சட்டென்று அவிழ்க்காதீர்கள், தேங்கின விஷம் ஒரேயடியாக ஏறலாம் என்பதால் அவர்கள் மருந்தோடு தயாராக நின்றுதான் அவிழ்த்தார்கள்.

அப்புறம் ஒரு கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் வைத்தார் நர்ஸ். சாய்த்துப் பார்த்தால் ஜெல்லி மாதிரி உறைந்திருந்தது. கண்ணாடி விரியன் விஷம் ஏறியிருந்தால் தண்ணியாக ஓடுமாம். ஆனாலும் 24 மணி நேரம் விடவில்லை, நல்ல பாம்பின் விஷம் இந்தக் குழாயில் தெரியாது என்றார்கள்.

*

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். 'மலைப்பாம்புக் குட்டி பிடித்தோம்' என்று வாட்ஸப்பில் வருகிற படங்களில் சிலது கண்ணாடி விரியன், கையில் வேறு வைத்திருக்கிறார்கள்! முதுகில் சங்கிலி கோத்தது போல மூன்று வரிசைப் புள்ளி இருந்தால், குக்கர் விசில் போலச் சீறினால், தொடாதீர்கள்.

அக்கா, மாமா இப்போது எப்படி இருக்கிறார்?

*

நன்றாக இருக்கிறார் தம்பி. திண்ணை போய்க் கட்டில் வந்தாயிற்று, கொசுவலையை நாலு பக்கமும் மெத்தைக்கடியில் சொருகின பிறகுதான் விளக்கை அணைக்க விடுகிறார்.