மளிகைச் செலவும் குப்பைக் கட்டணமும்: எங்கே குறைப்பது?

கேள்வி:
மூன்று மாதமாக எல்லாச் செலவையும் நோட்டில் எழுதுகிறேன். வாங்குவது அதே பொருட்கள்தான், ஆனால் மளிகைப் பணம் 20-ம் தேதியே தீர்ந்துவிடுகிறது. இப்போது வருடக் குப்பைக் கட்டணமும் மொத்தமாக வந்து நிற்கிறது. இரண்டு குழந்தைகள் இருக்கிற வீடு. எங்கே குறைப்பது?

பதில்:
வருடக் கட்டணத்தை 12-ஆல் வகுத்து, மாதாமாதம் தனியாக எடுத்து வையுங்கள்.

பதில்:
பாக்கெட்டின் எடையைப் பாருங்கள். பல நேரம் விலை அப்படியே இருக்கும், உள்ளே இருப்பது குறைந்திருக்கும். 100 கிராமுக்கு என்ன விலை என்று கணக்குப் போட்டுத்தான் நான் வாங்குகிறேன். பெரிய பாக்கெட் எப்போதும் மலிவு இல்லை.

பதில்:
குப்பைக் கட்டணம் எடைக்கா, தொட்டி அளவுக்கா, வீட்டுக்கு இவ்வளவு என்றா? முதலில் அதைப் பாருங்கள். எடைக்கு என்றால் சமையலறைக் கழிவுதான் கனம், அதில் பெரும்பகுதி தண்ணீர். நான் நன்றாக வடியவிட்டு, காய்ந்த இலையோடு கலந்து உரமாக்குகிறேன். வீட்டுக்கு ஒரே தொகை என்றால் குப்பை குறைந்தாலும் கட்டணம் குறையாது. அப்போது மளிகையில்தான் மிச்சம் பிடிக்க வேண்டும்.

கேட்டவர்:
ரசீதைப் பார்த்தேன், தொட்டி அளவுக்குத்தான். எங்கள் தொட்டி பாதிகூட நிறைவதில்லை! சரி, நாளைக்கே சின்னத் தொட்டி கேட்டு எழுதுகிறேன்.